நாற்பத்தோராவது மடிப்பு

நிலாவைச் சுற்றிவிட்டுத் திரும்பும் கலம் காற்றைக் கிழித்துக்கொண்டு கடலை நோக்கி விழும்போது, அதைத் தாங்கிப் பிடிக்க மூன்று பாராசூட்டுகள் உண்டு. அவற்றை மடிக்கும் கூடத்தில் யாரும் பாராசூட் என்று சொல்வதில்லை, குடை என்றுதான் சொல்வார்கள். ஒரு குடையை மடிக்க ஒன்பது நாள் ஆகும்.

விரித்துப் போட்டால் பள்ளிக்கூட மைதானத்தில் பாதியை மூடிவிடும் துணி அது. மடித்து முடித்தால் ஒரு பீப்பாய்க்குள் அடங்கிவிடும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. துணியின் இழைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் காற்றுதான் இடத்தை அடைத்துக்கொள்கிறது. கொஞ்சம் மடித்து, அழுத்து இயந்திரத்தின் கீழே இரவெல்லாம் வைத்து, மறுநாள் இன்னும் கொஞ்சம் மடித்து, மறுபடி அழுத்தினால் காற்று மெல்ல மெல்ல வெளியேறிவிடும். கடைசியில் துணி மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். தட்டினால் டொக் என்று சத்தம் வரும்.

பதினான்கு வருடமாக அவள் அங்கே குடை மடிக்கிறாள். கூடத்தில் அவளுக்கு 'மடிப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. காலுறை மட்டும் போட்டுக்கொண்டு துணியோரம் மண்டியிட்டு உட்கார்ந்தால், உயர ஜன்னல் வெயில் துணியின் வெள்ளையிலும் ஆரஞ்சிலும் விழுந்து மேற்கூரை வரை நிறம் ஏறும். யாராவது கதவைத் திறந்தால் காற்று துணிக்கடியில் புகுந்து ஒரு மேடாக எழும்பும். அந்த மேடு நிதானமாக நகர்ந்து, மறுமுனையில் வெளியேற ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அது போய்ச் சேரும் வரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

மடிப்பு நழுவாமல் இருக்க இடையிடையே சிவப்புப் பருத்தி நூலால் தற்காலிக முடிச்சுப் போடுவாள். ஒரு குடைக்கு அறுபத்துநான்கு முடிச்சு. அழுத்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, அறுபத்துநான்கு குழிகள் உள்ள தட்டில் வைக்க வேண்டும். அவளுடைய நாத்தனார்தான் சரிபார்ப்பவள். குழி எல்லாம் நிறைந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள்.

மூன்றாவது குடை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தட்டு நிறைந்திருந்தது, கையெழுத்தும் ஆகிவிட்டது. காலையில் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது அவள் கை அப்படியே நின்றது.

நாற்பத்தோராவது மடிப்பில் துணி வழுக்கியது. ஒரு முடிச்சு பத்தாது என்று, எண்ணி வைத்த அறுபத்துநான்கில் சேராமல், நூல் உருண்டையிலிருந்தே இன்னொரு துண்டை வெட்டி அவள் கட்டினாள். கட்டியது ஞாபகம் இருக்கிறது. வெட்டி எடுத்தது ஞாபகம் இல்லை. அறுபத்தைந்தாவது நூலுக்குத் தட்டில் குழி கிடையாது, அதனால் அது உள்ளேயே இருந்தாலும் தட்டு நிறைந்தே காட்டும்.

"ஏங்க, நான் தூக்கத்துல மடிக்கிறேனா?" என்று கணவனைக் கேட்டாள்.

லிஃப்ட் பழுது பார்ப்பவன் அவன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். "அதை இப்பதான் கேக்குறியா? பத்து நாளா என் போர்வைய உருவி உருவி மடிச்சு வைக்கிற. நான் குளிருல நடுங்குறேன். நீ என்னடான்னா நம்பர் சொல்லிட்டிருக்க."

அதுதான் சிக்கல். குடை மடிப்பவர்களுக்குக் கனவிலும் மடிப்புதான் வரும். கனவில் வரும் கூடமும் அதே கூடம், துணியும் அதே துணி. அந்த முடிச்சை அவள் கூடத்தில் போட்டாளா, படுக்கையில் போட்டாளா? எவ்வளவு யோசித்தாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட முடியவில்லை.

பேருந்தில் நாத்தனாரிடம் சொன்னாள்.

"அண்ணி, வாயை மூடிட்டு வாங்க. தட்டு ரொம்பியிருந்துச்சு. நான் ரெண்டு தடவை எண்ணினேன்."

"உருண்டையிலேருந்து வெட்டியிருந்தா?"

"வெட்டியிருந்தா நான் பாக்க மாட்டேனா? எனக்குக் கண்ணு எதுக்கு இருக்கு, அழகுக்கா?"

"அந்த நேரம் நீ தண்ணி குடிக்கப் போயிருந்தே."

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் கழித்து, "போயிருந்தேன்தான்," என்றாள்.

ஒரு துண்டு நூல் என்ன செய்துவிடும்? குடை திறப்பது கண் மூடித் திறக்கும் நேரத்தில் நடக்கிற காரியம். எல்லா மடிப்பும் வரிசையாக அவிழ்ந்து, சுமையைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மடிப்பு மட்டும் நூலில் சிக்கி ஒரு இமைப்பொழுது பின்தங்கினால், அதன் பங்கும் பக்கத்து மடிப்பின் தலையில் விழும். அது கிழியலாம். கிழியாமலும் போகலாம்.

கூடத்தலைவர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எக்ஸ்ரே எடுத்தா தெரியுமா?"

"உலோகம்னா தெரியும் சார். இது பருத்தி. துணியோட துணியா இருக்கும்."

"மூணு குடையில ரெண்டு திறந்தாலே கலம் பத்திரமா இறங்கிடும். அதுவும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"பிரிச்சா மறுபடி ஒன்பது நாள். அதுக்குள்ள நிலா இடம் மாறிடும். இருபத்தாறு நாள் தள்ளிப்போகும். ஏவுறதைப் பாக்க ஊரெல்லாம் திரை கட்டி வச்சிருக்கான். பிள்ளைங்க அட்டையில ராக்கெட் செஞ்சு தெருவுல நிக்குது." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கட்டினது நிச்சயமா?"

"நிச்சயம் இல்ல சார். கனவாக்கூட இருக்கலாம். ஆனா இல்லன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது."

அவர் நாள்காட்டியில் இருபத்தாறு நாள் எண்ணிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

மூன்று நாள் பிரித்தார்கள். அவசரமாகப் பிரித்தால் நூல் தெறித்து எங்கே இருந்தது என்றே தெரியாமல் போகும் என்பதால், ஒவ்வொரு மடிப்பையும் நிதானமாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இறுகிக் கிடந்த துணி பெருமூச்சு விட்டபடி ஒவ்வொரு அடுக்காக இளகியது. நூல் இருக்கக் கூடாது என்றுதான் அவள் வேண்டியிருக்க வேண்டும். ஆனால் அவள் மனம் இருக்கட்டும், இருக்கட்டும் என்றே அடித்துக்கொண்டது. இருந்தால் அவள் கலத்தில் போகும் மூன்று பேரைக் காப்பாற்றியவள். இல்லாவிட்டால் கனவு கண்டதற்காக நிலாப் பயணத்தையே நிறுத்தியவள்.

நாற்பத்தோராவது மடிப்பு வந்தது. நாத்தனார் விளக்கைப் பிடிக்க, அவள் விரல்களால் தையலோரமாகத் தடவிக்கொண்டே போனாள். வழுவழுவென்று, முகம் கழுவி வந்த மாதிரி இருந்தது துணி. நூல் இல்லை. கடைசி மடிப்பு வரை பார்த்தார்கள். எங்கேயும் இல்லை.

நாத்தனார் விளக்கை அணைத்தாள். "சரி விடுங்க அண்ணி. வீட்டுக்குப் போய் என் அண்ணன் போர்வைக்குள்ள தேடுவோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

மறுநாள் பத்திரிகைகளில் 'ஒரு கனவால் நின்ற பயணம்' என்று வந்தது. மளிகைக் கடைக்காரர் சில்லறை கொடுக்கும்போது, "நேத்து நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டார். தெருவில் அட்டை ராக்கெட்டுகள் இரவு மழையில் நனைந்து குனிந்து நின்றன. அவள் தலையைக் குனிந்துகொண்டே கூடத்துக்குப் போய், துணியை மறுபடி முதலிலிருந்து நீட்டி விரித்தாள்.

அன்று முற்பகல் கதவு திறந்தது. துணிக்கடியில் மேடு எழும்பியது. உள்ளே வந்தவள் கலத்தை ஓட்டப்போகும் விமானி. காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு வந்து துணியோரம் உட்கார்ந்தாள். ஒரு காலுறையின் பெருவிரலில் ஓட்டை இருந்தது. மேடு நகர்ந்து மறுமுனை போய்ச் சேரும் வரை இருவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"நூல் இல்லையாமே," என்றாள் விமானி.

"இல்லீங்க. என்னால உங்களுக்கு இருபத்தாறு நாள் வீண். எவ்வளவு நாளாக் காத்திருந்தீங்களோ."

"ஆறு வருஷம்." விமானி துணியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். "எங்க அம்மா கோபத்துல கேட்டாங்க, எவளோ கனவு கண்டான்னு நிறுத்துறதான்னு. நான் சொன்னேன், அம்மா, அவங்க தூங்கும்போதுகூட என் குடையத்தான் மடிக்கிறாங்க, எனக்கு வேற என்ன வேணும்னு. அதுக்கப்புறம் அவங்க சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டாங்க."

அவள் பார்வை விமானியின் காலுறை ஓட்டையில் நின்றது. வாயில் வந்தது இதுதான். "கொஞ்சம் காலை நகத்துங்க. துணி மேல இருக்கு."

விமானி சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். நாத்தனார் தட்டின் குழிகளை எண்ணுவதுபோல் முகத்தைத் திருப்பிச் சிரிப்பை அடக்கினாள்.

முதல் மடிப்பு விழுந்தது, பிறகு இரண்டாவது. விமானி முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். ஜன்னல் வெயில் நகர்ந்து அவள் தோளுக்கு வந்தது, அங்கிருந்து துணிக்குப் போனது. பன்னிரண்டாவது மடிப்பில்தான் எழுந்தாள்.

"எப்ப முடியும்?"

"இன்னையோட சேத்து ஒன்பது நாள் ஆகும்."

"அவசரமில்ல," என்றாள் விமானி. கதவைக் காற்று வராமல் மெல்லத் திறந்து, மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.