மருந்துக்கடை வீட்டு மூக்கு

நுண்ணோக்கித் திரையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதுதான் ஜெபஷீலாவைப் பயமுறுத்தியது.

பச்சை வரவேண்டும். ரத்தத்தின் வெள்ளணுக்களை ஊசி முனையளவு மருந்தால் உசுப்பிவிட்டால், அவற்றுக்குள் கால்சியம் குபுகுபுவென்று பாயும். எதிரி வந்துவிட்டான், எழுந்திரு என்று அணுவுக்குச் சொல்வது அந்தப் பாய்ச்சல்தான். கால்சியம் பட்டால் பச்சையாக ஒளிரும் சாயத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பார்கள். கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கிறவர்களின் ரத்தத்தில் அந்தப் பச்சை மங்கலாகத்தான் வந்தது. தேனி கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் அவள் செய்யும் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். அதனால் அதில் அதிர்ச்சி இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கப் பூச்சிமருந்துப் பக்கமே போகாத ஆள் வேண்டும். வரவேண்டியவர் வரவில்லை. நான் எந்தக் காலத்தில் தெளிப்பானைத் தோளில் மாட்டினேன் என்று ஜெபஷீலா தன் கையையே நீட்டிவிட்டாள். இப்போது அவளுடைய அணுக்கள் உசுப்ப உசுப்ப இருட்டிலேயே கிடந்தன. நடுராத்திரியில் கதவைத் தட்டினால் புரண்டு படுக்கிற ஆளைப்போல இரண்டொன்று லேசாக மினுங்கி அடங்கின.

"சாயம் கெட்டுப்போயிருக்கும்க்கா," என்றாள் உடன் வேலை செய்யும் கயல். சொன்ன கையோடு தன் ரத்தத்தை எடுத்து அதே சாயத்தில் போட்டாள். திரை முழுக்கப் பச்சை பொங்கியது. கயல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், நன்றாக ஒளிர்ந்தது அவள் குற்றமா?

ஒரே ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது என்பது ஜெபஷீலா மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். தனக்கென்று வரும்போது பாடம் எங்கே நிற்கிறது? மழைக்காலம் தவறாமல் வந்து, லேசில் விடாத காய்ச்சலெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை காலமும் விடுதிச் சாப்பாட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். போடி கடைவீதியில் அவள் அப்பா பொன்னுராஜுக்குப் பூச்சிமருந்துக் கடை. சந்தையில் டூப்ளிகேட் மருந்து புழங்கத் தொடங்கியதும், அவர் ஒரு வழக்கம் வைத்தார். வாங்க வந்தவர் கண்முன்னால் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, அசலா போலியா என்று சொல்லிக் கொடுப்பார். சனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. இன்னும் பிடிக்கட்டும் என்று, எட்டு வயது மகளையும் பக்கத்தில் நிறுத்தினார். பாப்பா மோந்து சொன்னால்தான் காசை எடுப்பேன் என்று சொல்கிற தோட்டத்துச் சம்சாரிகள் சின்னமனூர் வரைக்கும் இருந்தார்கள். கல்லூரிக்குப் போகும் வரை ஜெபஷீலாவின் மூக்குதான் அந்தக் கடையின் விளம்பரப் பலகை.

அவள் போனபின் அந்த இடம் காலியாக இருந்ததா என்றால், இல்லை. அண்ணன் செல்வினின் மகள் மகிமா இப்போது அங்கே நிற்கிறாள். மூடியை மோந்துவிட்டு, "இது டூப்ளிகேட்டு!" என்று பிள்ளை கண்ணை உருட்டிய வீடியோ போன வாரம்தான் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. ஜெபஷீலாவும் அதற்கு இதயம் போட்டிருந்தாள்.

நினைத்த மாத்திரத்தில் பையைக்கூட எடுக்காமல் போடி பஸ் ஏறினாள்.

கடையில் நல்ல கூட்டம். சுருளிவேல் என்ற ஏலக்காய்த் தோட்டத்து ஆள் ஒரு டப்பாவை வாங்க நின்றார். பொன்னுராஜ் மூடியைத் திறந்து மோந்தார். பிறகு பேத்தியிடம் நீட்டினார். பிள்ளை அதை மூக்குக்குக் கொண்டுபோன நேரத்தில் ஜெபஷீலா பாய்ந்து தட்டிவிட்டாள். மூடி உருண்டு போய் வாசலில் விழுந்தது.

"என்னத்தா இது? ஆள்க முன்னாடி?"

"அவள மோக்க விடாதீகப்பா. இனிமே வேணாம்."

"நீ மோந்துதான வளந்த? இன்னைக்கு டாக்டர் பட்டம் வாங்கப் போற. என்ன கொறஞ்சுபோச்சு?"

"என் ரத்தம் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்குதுப்பா."

பொன்னுராஜ் வாசலில் கிடந்த மூடியை எடுத்துத் துடைத்தார். பிறகு, "அந்த மிசினு ரிப்பேரா இருக்கும்," என்று சுருளிவேலைப் பார்த்துச் சிரித்தார். சுருளிவேல் சிரிக்கவில்லை. வாங்க வந்த டப்பாவைக் கல்லாவில் வைத்துவிட்டு அடுத்த கடையைப் பார்த்துப் போனார். அதற்குமேல் அப்பாவிடம் நியாயம் பேச முடியுமா? மகள் வந்து வியாபாரத்தைக் கெடுத்துவிட்டாள் என்பதோடு பேச்சு முடிந்தது.

திங்கட்கிழமை ஆய்வக வாசலில் மகிமாவின் அம்மா, மதினி சொர்ணலதா வந்து நின்றாள், இடுப்பில் ஒட்டிக்கொண்டு பிள்ளை. பின்னாலேயே ஜெபஷீலாவின் அம்மா கிருபாவதி. அல்லிநகரத்தில் துணி எடுக்கப் போகிறோம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

"இவளுக்கும் பாத்துரு ஜெபா. நான் எங்கன வேணாலும் கையெழுத்துப் போடுறேன்," என்றாள் சொர்ணலதா.

ஆராய்ச்சிக் கணக்கில் இது சேராது. மேலிடத்துக்குத் தெரிந்தால் திட்டும் விழும். விழட்டும். ஊசி குத்தும்போது பிள்ளை அழவில்லை. அவளைப் பிடித்திருந்த ஜெபஷீலாதான் கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ பேரின் ரத்தத்தைச் சோதித்தவள், இந்தச் சின்னக் குழாயைப் பார்க்கத் துணியாமல் கயலிடம் கொடுத்துவிட்டுச் சன்னல் பக்கம் போய் நின்றாள். ஆண்டவரே, இந்தப் பிள்ளையை விட்டுவிடும் என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

"அக்கா, வந்து பாருங்க."

திரை முழுக்கப் பச்சை. கயலுடைய ரத்தத்தைவிடப் பிரகாசமாக, ஒரு அணு பாக்கியில்லாமல்.

ஜெபஷீலா நம்பவில்லை. "குழாய மாத்திட்டியா?" என்று கயல்மீது எரிந்து விழுந்தாள். "தெனம் மோக்குற பிள்ள. எப்படி இப்படி வரும்?"

"அவ மோந்ததே இல்ல ஜெபா," என்றாள் சொர்ணலதா மெல்ல. சொல்லிவிட்டு மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். "மூடி கிட்ட வந்ததும் மூச்சப் பிடிச்சுக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். தாத்தா மொதல்ல மோப்பாகள்ல, அவுக மொகத்தப் பாத்துக்க. சுளிச்சா டூப்ளிகேட்டுன்னு சொல்லு, இல்லாட்டி அசல்னு சொல்லுன்னேன். ஆனாலும் எனக்குப் பயம் போகல. பிள்ளதான, மறந்து மூச்ச இழுத்திருந்தா? மாமாகிட்டச் சொல்ல முடியுமா, நீயே சொல்லு."

மகிமா கன்னத்தை உப்ப வைத்து, மூச்சைப் பிடித்துக் காட்டினாள். ஜெபஷீலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையை வாரி அணைத்து உச்சியில் முத்தமிட்டாள். அப்பாடா என்று இருந்தது.

கிருபாவதி மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சப் பிடிச்சுக்கன்னு ஒரு வார்த்த," என்றாள். "உன்ன மோக்க விட்டப்ப நானும் கல்லாப் பக்கத்துலதான நின்னேன். எனக்கு அது தோணலையே ஆத்தா."

ஜெபஷீலா பிள்ளையை இறக்கி விட்டாள். கிருபாவதி எழுந்து வந்து மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குச் சரியாயிருமா?"

மகிமாவுக்காகப் பயந்து முடித்தாயிற்று. இனித் தனக்காகப் பயப்பட வேண்டும்.

"தெரியலம்மா," என்றாள்.