திருப்பினால் மறுபடி பார்

தங்கச்சிமடம் கரையில் மீன் ஏலம் கூறுகிற ஹெலனுக்கு ஊரே கேட்கும் குரல். மூச்சுக்குழல் மட்டும் குழந்தையுடையதுபோல் குறுகல். சின்ன வயதில் கழுத்தில் துளையிட்டு உயிரைக் காப்பாற்றியதில் விழுந்த தழும்பு அதை இறுக்கிவிட்டது. இப்போது இடது நுரையீரலில் தேங்காய் அளவு நீர்க்கட்டி. அறுவையின்போது அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டு, வலது நுரையீரலால் மட்டும் மூச்சுவிட வைக்க வேண்டும். அடைப்பு விலகிக் கட்டி உடைந்தால், நீர் நல்ல நுரையீரலில் இறங்கிக் கட்டிலிலேயே மூழ்கிப்போவாள்.

அந்த அடைப்பைப் போடுவது மயக்க மருந்து டாக்டர் கலைச்செல்வியின் வேலை. இரண்டு நுரையீரலையும் தனித்தனியாகப் பிரிக்கிற வழக்கமான இரட்டைக் குழாய் அந்தக் குறுகலில் இறங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க டாக்டர்," என்றார் சர்ஜன் பாண்டித்துரை. கை வேகமான மனிதர். வாய் அதைவிட வேகம்.

"தள்ளுனா கிழிஞ்சிரும் சார்."

மெல்லிய குழாயைப் போட்டு, அதன் வழியே நுனியில் பலூன் உள்ள ஒயரை அனுப்பி, கேமராவில் பார்த்தபடியே இடப்பக்கக் கிளையில் ஊதி நிறுத்தினாள். கச்சிதம். பிறகு ஹெலனை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள்.

ஆளைத் திருப்பினால் பலூன் நகரலாம், மறுபடி பார்: அவளே ஜூனியர்களுக்கு ஓதும் பாடம். கேமராவைக் கையில் எடுத்தும்விட்டாள்.

"இப்பத்தான பாத்தீங்க! பாத்ததயே பாத்துக்கிட்டிருந்தா சாயங்காலமாயிரும்," என்றார் பாண்டித்துரை.

இரட்டைக் குழாய் இறங்காத கூச்சம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. கேமராவைக் கீழே வைத்தாள். படித்த புத்தியெல்லாம் ஒரு சொல்லுக்குப் பறிபோனது.

மார்பு திறந்தது. சற்று நேரத்தில் அவள் கையிலிருந்த மூச்சுப் பை கல்லாய் இறுகியது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய மானிட்டர் ஒலி தாழ்ந்துகொண்டே வந்தது. பலூன் நழுவி நடுக்குழலையே அடைத்துவிட்டது! அதை இறக்கினால் மூச்சு போகும். ஆனால் கட்டிக்கும் நல்ல நுரையீரலுக்கும் நடுவே தடுப்பு இருக்காது. பாண்டித்துரையின் கத்தியோ கட்டியை நெருங்கியிருந்தது.

"சார், கத்திய எடுங்க!"

"என்னாச்சு?"

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

அவர் கை அந்தரத்தில் நின்றது. பலூனை இறக்கினாள். பை இளகியது. ஒலி கொஞ்சங்கொஞ்சமாக ஏறியது. கேமராவை உள்ளே விட்டு, பலூனைப் பழைய இடத்தில் நிறுத்தினாள்.

"ஆரம்பிக்கலாமா?" இந்த முறை பாண்டித்துரை மெதுவாகத்தான் கேட்டார்.

"பொறுங்க. இன்னொரு தடவ பாக்குறேன்."

பொறுத்தார்.

சாயங்காலம் தீவிர சிகிச்சை அறை வாசலில் ஹெலனின் புருஷன் எட்வர்ட் ஜெபமாலையோடு நின்றான். கலைச்செல்வி எதையும் ஒளிக்கவில்லை.

"நடுவுல மூச்சு அடைச்சிருச்சுண்ணே. பாக்க வேண்டியத நான் பாக்காம விட்டுட்டேன். கட்டிய எடுத்தாச்சு. இப்ப நல்லாருக்காங்க."

எட்வர்டின் முகம் சிவந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் உள்ளேயிருந்து கரகரத்த குரல் வந்தது.

"அங்கன நிக்கிறது எங்க வீட்டாளா? சாப்பிட்டாரான்னு கேளுங்க."

கேட்க வந்ததை எட்வர்ட் கேட்கவில்லை. "இன்னும் சாப்பிடல புள்ள," என்று உரக்கச் சொல்லிவிட்டு அழுதான்.