மட்கார்டு

சாஜிதாவின் கையிலிருந்த சொம்பை நாத்தனார் நஜ்மா வெடுக்கென்று பிடுங்கினாள். வெந்நீர் இரண்டு பேர் புடவையிலும் கொட்டியது.

"நீ தொடாத. மாத்திரை குடுத்தது போதும். கடைசித் தண்ணியும் நீதான் ஊத்தணுமா?"

கொல்லையில் நாலு பக்கமும் போர்வை கட்டி மறைத்திருந்தார்கள். பலகையின்மேல் சைத்தூன் பீவி கிடந்தாள். மையத்தைக் குளிப்பாட்ட வந்திருந்த கிழவி, கையுறையை மாட்டிக்கொண்டே, "மையத்து முன்னால சத்தம் போடாதீங்கம்மா, அதுக்கு எல்லாம் கேக்கும்" என்றாள். நஜ்மா குரலை அடக்கிக்கொண்டாள். சொம்பை மட்டும் திருப்பித் தரவில்லை. சுற்றி நின்ற பெண்கள் சாஜிதாவைப் பார்த்தார்கள். பிறகு, பார்க்காததுபோல் போர்வையின் பூவைப் பார்த்தார்கள்.

மருமகளாக வந்த நாளிலிருந்து இந்த மாமியாரைக் குளிப்பாட்டியது அவள்தான். முதுகு தேய்த்தது, நகம் வெட்டியது, தலை சிக்கு எடுத்தது எல்லாம் அவள் கை. இன்று அந்தக் கைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் போர்வைக்கு வெளியே வந்து, அண்டா அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். புகை நல்லதாகப் போயிற்று, அழுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

காலையில் எழுப்பப் போனபோது சைத்தூன் பீவியின் ரவிக்கை பிழிந்தெடுக்கலாம்போல் நனைந்திருந்தது. கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாபநாசத்துக்கு ஓடினார்கள். அய்யம்பேட்டையிலிருந்து நஜ்மா அவர்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றிருந்தாள். விரல் நுனியில் குத்திப் பார்த்த டாக்டர், "சுகர் தரையில இருக்கும்மா. ராத்திரி சுகர் மாத்திரை குடுத்தீங்களா?" என்றார்.

"இல்லைங்க டாக்டர். அது காலையில. ராத்திரிக்கு பிரஷர் மாத்திரைதான்."

"வயசானவங்களுக்கு மாறிப் போச்சுன்னா தூக்கத்துலயே இறங்கிடும். எதுக்கும் அந்த அட்டையக் கொண்டு வாங்க."

அட்டை கொண்டுவரும் வரை சைத்தூன் பீவி காத்திருக்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றியும், மதியத் தொழுகைக்கான ளுஹர் பாங்குக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நஜ்மா பிடித்துக்கொண்டாள்.

"மெடிக்கல் அண்ணாதுரைகிட்ட நின்னு, அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ்ல எழுதிக் குடுங்கன்னு சொல்லி, ஒவ்வொரு அட்டையிலயும் கொட்டை எழுத்துல காலை, இரவுன்னு மார்க்கர்ல எழுதி வாங்கிக் குடுத்தேனே. உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? எங்க அந்த அட்டை?"

சாஜிதா கணவனைப் பார்த்தாள். சைபுல்லா சுவரில் நெற்றியை முட்டி அழுதுகொண்டிருந்தான். அழுகையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அழுதுகொண்டே சொன்னான்: "காலியாயிருக்கும்க்கா. தூக்கிப் போட்டிருப்பா."

அந்த அட்டைகள் எங்கே என்று அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

சைபுல்லா ஷார்ஜாவிலிருந்து திரும்பி வரும்போது வேலையையும் முதுகெலும்பின் ஒரு வில்லையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். கொண்டுவந்தது ஒரு அட்டைப்பெட்டி மட்டும். அதற்குள் பிளாஸ்டிக் துண்டுகளாக ஒரு ராணுவ டாங்கி. ஒட்டி முடித்தால் முழங்கை நீளம் வரும். ஒட்டுவது பெரிய வேலை இல்லையாம். அது நிஜ டாங்கிபோல் தெரிய வேண்டும், அதுதான் வேலையாம். வெளிநாட்டுக்காரர்கள் அதற்கென்றே பித்தளையில் தகடு, சங்கிலி, கொக்கி எல்லாம் விற்கிறார்கள். அந்த விலைக்கு இங்கே ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம். ஆகவே சைபுல்லா வீட்டை உரிக்க ஆரம்பித்தான். டீ வடிகட்டியின் வலை இன்ஜின் மூடியாயிற்று. ஊதுபத்திக் குச்சி துப்பாக்கிக் குழல். பழைய சார்ஜர் ஒயரை உரித்து இழுவைக் கம்பி. அம்மாவின் கால் புண்ணுக்கு வாங்கிய கட்டுத்துணியைப் பசையில் முக்கிச் சுருட்டினால் தார்ப்பாய். அறுவடை பெல்ட் மிஷின் வயலில் போட்ட தடத்தில் குந்தி உட்கார்ந்து படம் எடுத்து, அந்தச் சேற்றையே காயவைத்துச் சலித்து டாங்கியின் சங்கிலியில் பூசினான். வயல்காரர் பைத்தியம் என்றார். போன் குழுவில் முகம் தெரியாதவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவனுக்கு அவர்கள் போதுமாயிருந்தது.

சங்கிலிக்கு மேல் இரண்டு பக்கமும் நீளமாக மட்கார்டு வரும். பிளாஸ்டிக்கில் இருந்தது தடிமன், நிஜம்போல் இல்லை என்று அறுத்து எறிந்துவிட்டான். மெல்லிய தகடு வேண்டும், கையால் நசுக்கினால் நசுங்க வேண்டும். மாத்திரை அட்டையின் அலுமினியத்தைவிட அதற்குப் பொருத்தமானது உலகத்தில் கிடையாதாம். பளபளக்கும் பக்கத்தில் பெயிண்ட் பிடிக்காது. எழுத்து அச்சடித்த பக்கம் சொரசொரப்பு. அதனால் அதை மேலே வைத்து ஒட்டுவான். பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

போன வெள்ளிக்கிழமை சமையலறை அலமாரியில் மாத்திரை அட்டைகள் இருந்த இடத்தில் இரண்டு தைல டப்பாக்கள் இருந்தன. இரண்டிலும் சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். ஒன்றில் பச்சை மூடி, ஒன்றில் சிவப்பு மூடி.

"என்னங்க, இதுல எது எது?"

அவன் டாங்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பச்சை காலைக்கு. சிவப்பு ராத்திரிக்கு. போ, கை ஆடுது."

அவள் நம்பினாள். தன் அம்மாவுக்கான மாத்திரையைக் கொட்டிவைத்தவன் பார்த்துத்தானே வைத்திருப்பான் என்று நம்பினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரியும் மாமியாருக்கு வேர்த்தது. "கை நடுங்குதும்மா சாஜிதா, நாக்கு இனிப்பு கேக்குது, கருப்பட்டி ஒரு துண்டு குடேன்" என்று நேற்று கேட்டாள். "மாமி, சுகர வச்சுக்கிட்டு ஆசையப் பாருங்க, பேசாம படுங்க" என்று சாஜிதா சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தாள். அண்டா அடுப்புப் பக்கத்தில் நின்றபோது அவளை அறுத்தது இந்தச் சிரிப்புதான்.

மையத்துக்குக் கஃபன் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் சமையலறைக்குள் போனாள். கசங்கிப்போயிருந்ததால் சைபுல்லா வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு அட்டை ரொட்டி டப்பாவின் பின்னால் கிடந்தது. மேலே மார்க்கரில் 'காலை'. ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். நடுவில் ஒரு கோடு. பச்சை மூடியைத் திறந்தாள். கோடு இல்லாத மாத்திரைகள். சிவப்பு மூடியைத் திறந்தாள். எல்லாவற்றிலும் கோடு.

அதிலிருந்தும் ஒன்றை எடுத்து, அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போனாள். அவன் தொழுகைக்கு வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். உள்ளங்கையை நீட்டி இரண்டு மாத்திரையையும் காட்டினாள். விளக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததுமே, இவன் ஆஸ்பத்திரியிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டான் என்று தெரிந்தது.

"அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

"நீ பாத்துக் குடுத்திருக்கணும்ல?"

"நீங்க சொன்னதத்தானே குடுத்தேன்."

"இப்ப அதப் பேசி என்ன ஆகப்போகுது? மவுத்து அல்லாவோட நாட்டம்." பொத்தானைப் போட்டான். குரலைத் தாழ்த்திக் கொஞ்சம் அன்பாகவே சொன்னான்: "இந்தா பாரு சாஜிதா. நீ வெளியேருந்து வந்தவ. நாலு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்க. நான் பெத்த புள்ள. என்னைய மறக்க மாட்டாங்க."

அவள் மாத்திரைகளை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

மையத்துப் பெட்டியான சந்தூக்கைத் தூக்குவதற்கு முன்னால் முகம் பார்க்கவும் மாப்பு கேட்கவும் சொந்தங்களைக் கூப்பிட்டார்கள். இருக்கும்போது செய்த தப்புக்கெல்லாம் போகிறவரிடம் மன்னிப்பு வாங்கிக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் முணுமுணுப்புதான். என்ன தப்பு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சைபுல்லா குனிந்து, "அம்மா, தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா மாப்பு பண்ணிடுங்கம்மா" என்று தேம்பினான். 'தெரியாமலோ' என்ற இடத்தில் குரல் நன்றாக உடைந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சாஜிதாவின் முறை வந்ததும் நஜ்மா குறுக்கே நின்றாள்.

"வாய்க்குள்ள சொல்லக் கூடாது. சத்தமா சொல்லு. என்ன செஞ்சேன்னு சொல்லிக் கேளு."

கஃபனுக்குள் தெரிந்த முகத்தில், மூக்கில் பஞ்சு. சாஜிதா அந்த முகத்தைப் பார்த்தாள், பிறகு நிலைப்படியில் நின்ற கணவனைப் பார்த்தாள். வேண்டிய அளவு நேரம் கொடுத்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'இல்லக்கா' என்று ஒரு வார்த்தை. அவன் தொப்பியைக் கழற்றி, மடிப்பை நீவி, மறுபடியும் போட்டுக்கொண்டான்.

"மாமி" என்றாள் அவள். "என் கையால குடுத்த மாத்திரைக்கு மாப்பு குடுங்க. நேத்து நீங்க கேட்ட கருப்பட்டிய நான் குடுக்கல. அதுக்கும் குடுங்க."

"கேட்டீங்கல்ல எல்லாரும்?" என்று நஜ்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "அவ வாயாலயே சொல்லிட்டா."

ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டு சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்கால் சைபுல்லாவின் தோளில். முதுகு வலிக்காரன் அம்மாவை இறக்கிவைக்காமல் மையத்தாங்கொல்லை வரைக்கும் சுமந்தான் என்று பிறகு ஊரே பாராட்டியது.

அந்தி மஃரிபு தொழுகைக்குப் பிறகு கூட்டம் கலைந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த கஞ்சியை நஜ்மா எல்லோருக்கும் ஊற்றினாள். சாஜிதாவின் முன்னால் மட்டும் தம்ளரைத் தரையில் தள்ளிவிட்டாள். அப்போது பின்கட்டிலிருந்து சைபுல்லா கூப்பிட்டான்.

"உன் போன எடுத்துக்கிட்டு வா. டார்ச் அடிக்கணும்."

டாங்கி மேசையின்மேல் பத்திரிகைத் தாளில் நின்றது. வாசல் கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயிண்டின் அடிமிச்சத்தில் தின்னரை ஊற்றி நீட்டியிருந்தான். வீட்டில் கிடப்பதை வைத்தே மாடல் செய்கிறவர்களுக்கென்று அந்தப் போன் குழுவில் ஒரு போட்டி. படம் அனுப்ப இன்றுதான் கடைசி நாள்.

"இன்னிக்கேவா?" என்றாள்.

"அம்மா இருந்தா அடிடான்னுதான் சொல்லியிருக்கும். புடி."

வெளிச்சம் இடது மட்கார்டில் விழுந்தது. அலுமினியத்தில் மருந்துக் கடை அண்ணாதுரையின் பெரிய கையெழுத்தில் 'இரவு'. சைபுல்லா பிரஷ்ஷை ஒரே இழுப்பாக இழுத்தான். எழுத்து பச்சைக்கு அடியில் மறைந்தது. டாங்கியைத் திருப்பி வலது மட்கார்டில் 'காலை'யையும் மறைத்தான். பிறகு பின்னுக்குச் சாய்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. அதை அவள் மனசுக்குள்கூட மறுக்க முடியவில்லை.

"அந்தக் கசங்கின அட்டை ஒண்ணு இருந்துச்சே, எங்க? கொண்டா, பின்பக்கம் ஒட்டி பெயிண்ட் அடிச்சுடறேன்."

"அது இருக்கட்டும்" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் இடுப்பைப் பார்த்தான். கேட்க வாயெடுத்து, கேட்காமல் டாங்கியின் பக்கம் திரும்பினான். அப்போதுதான் கவனித்தான். ஈரப் பச்சைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு சுழி எட்டிப்பார்த்தது. தின்னர் பட்டால் மார்க்கர் மை கரைந்து பெயிண்டைத் தாண்டி மேலே வந்துவிடும். இதை அந்தப் போன் குழுவில் யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அவசரமாக அதன்மேல் இன்னொரு தடவை இழுத்தான். சுழி அகலமாயிற்று. டப்பாவைச் சரித்துச் சுரண்டினான், பிரஷ் தகரத்தில் கீச்சிட்டது.

"பெயிண்ட் தீந்துபோச்சு" என்றான், யாரோ ஏமாற்றிவிட்டதுபோல்.

கூடத்திலிருந்து செருப்பில்லாத கனத்த நடை கேட்டது. நஜ்மா. "சைபு, அம்மாவோட துப்பட்டி எங்கடா இருக்கு? இந்த ரூம்லயா?"

"லைட்ட அணை" என்று சைபுல்லா கிசுகிசுத்தான். "சாஜிதா, அணை. சொல்றேன்ல."

அவள் போனை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுபோனாள். கை ஆடவில்லை. மட்கார்டில் 'கா' முழுசாக வந்துவிட்டிருந்தது, 'லை' வந்துகொண்டிருந்தது.