மூடின குழிகள்

முதல் அடி கன்னத்தில் காதோடு சேர்த்து விழுந்தது. ரேஞ்சர் ஆபீஸ் சிமெண்டுத் தரையில் அவன் முட்டி போட்டிருந்தான். அடித்தவன் அவன் பெண்டாட்டியின் தம்பி, காக்கி மாட்டின ஃபாரஸ்ட் வாச்சர். காட்டுக்காரனை அடிக்கக் காட்டுக்காரனையே சம்பளத்துக்கு வைப்பார்கள். அந்த வித்தை அவர்களுக்கா தெரியாது?

"சரிவுல முப்பது குழி. எல்லாத்தையும் மூடி மிதிச்சிருக்க. கள்ளத் துப்பாக்கி எதுலடா இருக்கு?" என்றார் ரேஞ்சர்.

"கிழங்கு எடுத்த குழிங்க."

"எடுத்தவன் அப்படியே போட்டுட்டுப் போவான். மூடுறவன்தான் திருடன்."

மாட்டினது அங்கேதான். வேறெவன் தோண்டியிருந்தாலும் பள்ளம் வாயைப் பிளந்து கிடக்கும், ஒருத்தனும் கேட்க மாட்டான். இவன் ஆட்கள் கிழங்கை அறுத்ததும் கொடியோடு ஒட்டின கழுத்தைத் திரும்பக் குழியில் வைத்து, மண் தள்ளி மிதித்துவிட்டுத்தான் நிமிர்வார்கள். அடுத்த வருஷம் அங்கேயே கிழங்கு இருக்கும். 'காட்டைக் காப்போம்' போர்டு ரேஞ்சர் தலைக்கு மேலே தொங்கியது. அதை எழுதினவன் ஒரு குழி மூடியிருக்க மாட்டான்.

மச்சினன் குனிந்து முணுமுணுத்தான். "எதையும் ஒத்துக்காத மாமா. துப்பாக்கின்னா அஞ்சு வருஷம் உள்ள."

"அதுக்கு நீ கொஞ்சம் மெதுவா அடிக்கலாம்ல மாப்ளே? உங்க அக்காவே தேவல."

ரேஞ்சரின் பூட்ஸ் வாயில் இறங்கியது. ஒரு பல் தெறித்து மேஜைக்கு அடியில் போனது.

ஜீப்பில் சரிவுக்கு இழுத்துப் போனார்கள். நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். முதல் குழியில் கழுத்து வந்தது, வெள்ளை வேர் விட்டிருந்தது. வெட்டு விழுந்து ரெண்டாகப் போனது. அடுத்தடுத்து வந்ததையெல்லாம் பாறைமேல் வெயிலில் எறிந்தார்கள். இப்படிக் கிடந்தால் பொழுது சாய்வதற்குள் கருவாடாகிவிடும். அப்புறம் இந்தச் சரிவில் கொடியே கிடையாது.

ஒன்பதாவது குழியில் அவன் பாய்ந்தான். மண்வெட்டியைப் பிடுங்கி ஒருத்தன் முழங்காலில் போட்டான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கார்டு ஒருத்தனின் துப்பாக்கிக் கட்டை இவன் கையில் இறங்கியது, ரெண்டாம் தடவை, மூணாம் தடவை. விரல்கள் கோணிக்கொண்டன.

"தோண்டுங்கடா, இன்னும் இருபத்தியொண்ணு!" என்று கத்தினார் ரேஞ்சர்.

"நிறுத்துங்க. துப்பாக்கி என்னுதுதான். ஆத்துல போட்டுட்டேன்."

"மாமா!"

"நீ வாயை மூடு."

மண்வெட்டிகள் நின்றன. விலங்கு மாட்டி அவனை ஜீப்பில் தூக்கிப் போட்டார்கள். இனி ஆற்றங்கரையில் ஒரு தவணை அடி இருக்கிறது, இல்லாத துப்பாக்கியைத் தேடி. தேடட்டும். ரத்தத்தைத் துப்பிவிட்டு மச்சினனைப் பார்த்தான். "பாறைமேல கிடக்குறது காயுதுடா."

மச்சினன் தொப்பியைக் கழற்றி எறிந்தான். நல்லதாக இருந்த கழுத்துகளைப் பொறுக்கி, ஒன்றைக் குழிக்குள் வைத்து மண் தள்ளினான்.

"ஏய், வண்டியில ஏறுடா!" ரேஞ்சரின் தடி அவன் முதுகில் விழுந்தது.

அவன் நிமிரவில்லை. அடுத்த குழிக்கு முட்டியாலேயே நகர்ந்தான்.