ஏரியில் ஒரு கோடு

அகாத்தின் வயிறு பலகைபோல இறுகிக் கிடந்தது. அம்மா ஷானுட்டின் விரல் பட்டால் போதும், அந்த ஏழு வயதுப் பெண் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு முனகினாள். நேற்றெல்லாம் வாந்தி. இன்று அதுகூட இல்லை. கூடாரத்தின் தகர அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு அடுப்புபோல அவள் உடம்பு கனன்றது.

பெனுட் ரேடியோவில் ஊரைப் பிடித்திருந்தான். நர்ஸ் கேட்டாள், "வலது பக்கம் கீழேயா?" அவன் மனைவியைப் பார்த்தான். ஷானுட் தலையசைத்தாள். அதற்குப் பிறகு நர்ஸ் வேகமாகப் பேசினாள். குடல்வால் வீங்கியிருக்கலாம், வெடித்தால் ஒன்றும் செய்ய முடியாது, விமானம் அனுப்புகிறோம், ஏரியில் அடையாளம் போடுங்கள்.

காட்டில் வசந்தகால வேட்டை முகாம் போடுகிற யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேகம் மூடிய நாளில் வானமும் வெள்ளை, வசந்தத்திலும் உறைந்தே கிடக்கிற ஏரியும் வெள்ளை. மேலேயிருந்து வருகிறவனுக்குத் தரை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. அதனால் பெனுட்டின் அப்பா ஷூஷெப் கோடரியால் பனிக்கட்டியைத் தட்டித் தட்டி, கெட்டியான இடமாகப் பார்த்துச் சொன்னார். முகாமிலிருந்த நாலைந்து குடும்பமும் சேர்ந்து ஊசியிலைக் கிளைகளை வெட்டி, ஏரியின் நடுவில் நேர்கோடாக நட்டார்கள். அந்தக் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சறுக்குக்கட்டை வைத்த சின்ன விமானம் இறங்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் பனிக்கு அடியில் தண்ணீர் நின்றது.

கிளை நட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் ராணுவப் பயிற்சி ஜெட் வந்தது.

சத்தம் முதலில் வராது. மர உச்சிகளை உரசுகிறதுபோல ஒரு நிழல் போகும், அது போன பிறகுதான் வானம் கிழியும். முகாம் பிள்ளைகள் அதற்குக் 'கிழிச்சான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கூடாரக் கம்பு ஆடியது, கெட்டில் கவிழ்ந்து தேநீர் அடுப்பில் சீறியது. அகாத் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். அலறியதில் வயிறு வலித்து, வலியில் இன்னும் அலறினாள்.

வழக்கமாக ஒருமுறை வந்தால் போய்விடும். இன்று திரும்பி வந்தது. கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அளவெடுத்ததுபோலப் போனது. அதன் பின்னால் இன்னொன்று.

கொழுந்தன் மிஷென் கூடாரத்துக்குள் குனிந்து வந்தான். "அண்ணி, நம்ம கோடு அவனுங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. குண்டு போட்டுப் பழக யாரோ ஓடுதளம் வரைஞ்சு குடுத்திருக்கான்னு நெனச்சிட்டானுங்க." சிரிக்கத்தான் பார்த்தான்.

"நெஜமாவே போடுவானுங்களா?" என்றாள் ஷானுட்.

"போடமாட்டானுங்க. போடற மாதிரி வருவானுங்க, அவ்வளவுதான். அது போதாதா?"

ரேடியோ கரகரத்தது. சின்ன விமானத்துக்காரன் பேசினான். ஏரி வரைக்கும் வந்தேன், எனக்குக் கீழே ஒரு ஜெட் புகுந்து போனது, கொஞ்சம் தவறியிருந்தால் என் இறக்கை முறிந்திருக்கும். பக்கத்து ஏரியில் இறங்கிக் காத்திருக்கிறேன். அவர்கள் அந்தக் கோட்டைச் சுற்றுகிறவரை வரமாட்டேன். ராணுவ விமானத்தளத்துக்குப் போன் போட்டாயிற்று, விசாரித்துச் சொல்கிறோம் என்றார்களாம்.

"விசாரிப்பானுங்க," என்றார் ஷூஷெப். "உலக யுத்தம் நடந்தப்போ எங்க பழம் பொறுக்கற மேட்டை அழிச்சுத்தான் அந்தத் தளத்தைக் கட்டினாங்க. கடல் தாண்டிச் சண்டைக்குப் போற விமானமெல்லாம் அங்க எண்ணெய் போட்டுக்கணும்னாங்க. யுத்தம் முடிஞ்சா போயிடுவோம்னாங்க. மரம் வெட்டக் கூப்பிட்டாங்க, போனேன். முதல் ஓடுதளம் வெறும் பனிதான். ஓரத்துல கிளை நட்டு அடையாளம் வெச்சோம், இதே மாதிரி. கோடு கண்டா பாயறதுக்குத்தான் அவங்களைப் பழக்கியிருக்கு."

அகாத் திடீரென்று அழுகையை நிறுத்தியிருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. அந்த அமைதிதான் ஷானுட்டை எழுந்து நிற்கவைத்தது.

"கிளையைப் பிடுங்குங்க."

"பைத்தியமா உனக்கு?" என்றான் பெனுட். "கோடு இல்லாம அவன் எங்க இறங்குவான்? தண்ணிக்குள்ளயா?"

"கிளைன்னா நட்டபடியே நிக்கும், ஜெட்காரனுக்கும் தெரியும். ஆளுன்னா ஓடிவந்து நிக்கலாம். மரத்தடியில ஒளிஞ்சிருப்போம். அவன் இன்ஜின் சத்தம் கேட்டதும் போய் வரிசையா நிப்போம்."

ஷூஷெப் முதல் ஆளாக எழுந்து கையுறையை மாட்டினார்.

"எங்கம்மா என்னை மரம் மரம்னுதான் திட்டுவா," என்றான் மிஷென். "இன்னிக்கு அவ வாய் பலிக்கட்டும்."

கிளைகளைப் பிடுங்கிக் கரையில் போட்டார்கள். ஜெட்டுகள் இன்னும் இரண்டு சுற்று வந்து, எதையோ தொலைத்ததுபோலத் தேடிவிட்டு மறைந்தன. பெனுட் மகளை ஸ்லெட்ஜில் போர்த்திக் கரையோரம் உட்கார்ந்தான். ரேடியோவில் எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பக்கமிருந்து விமானி, "யாரும் நகரக்கூடாது. ஒருத்தர் நகர்ந்தாலும் கோடு கோணிடும்," என்றான்.

ஈ ரீங்காரம்போல இன்ஜின் கேட்டதும் ஓடி, கிளை பிடுங்கிய குழிகளில் வரிசையாக நின்றார்கள். கடைசி இடம் ஷானுட்டுடையது. அவளுக்குப் பிறகு தண்ணீர். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றாள். எதிரே வெள்ளைக்குள்ளிருந்து சின்ன விமானம் ஒரு புள்ளியாகப் பிரிந்து, தாழ்ந்தது.

அப்போது முகாமில் நாய்கள் ஊளையிட்டன. எப்போதும் நாய்களுக்குத்தான் முதலில் தெரியும்.

அவள் முதுகு முழுவதும் காதாக மாறியது. எந்தப் பக்கத்திலிருந்து வரும்? பின்னாலிருந்தா? ஓடு, ஓடு என்றன கால்கள். முன்னால் மிஷெனின் தோள் குலுங்குவது தெரிந்தது. அவன் அழுதுகொண்டே நின்றான். காலில் சூடாக எதுவோ வழிந்தது, அவளுடைய மூத்திரம்தான், அதையும் குனிந்து பார்க்கவில்லை. அகாத், அகாத் என்று மட்டும் உதடு அசைந்தது.

நிழல் தலைக்குமேல் போனது. பிறகு வானம் கிழிந்தது. பனி எழும்பிக் கண்ணை மூடியது, காற்று அவளைத் தள்ளி மண்டியிட வைத்தது. எழுந்து, அதே இடத்தைக் காலால் துழாவி, மறுபடி நின்றாள். தூள் அடங்கியபோது சின்ன விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, வரிசையை ஒட்டியே சறுக்கி வந்து அவளுக்கு முன்னால் நின்றது.

விமானி இன்ஜினை நிறுத்தவில்லை. "அம்மா யாரு? ஏறுங்க, சீக்கிரம்!" பெனுட் ஸ்லெட்ஜை இழுத்து ஓடிவந்து மகளைத் தூக்கி உள்ளே கொடுத்தான்.

மேலே எழும்பியதும் ஷானுட் கீழே பார்த்தாள். வரிசை இன்னும் கலையவில்லை. வெள்ளைத்தாளில் பேனா வைத்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள், நேராக. குறிபார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்? "போங்க! கரைக்குப் போங்க!" என்று கண்ணாடியில் அடித்தாள். இன்ஜின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வேறு ஓடுதளம் கிடையாது. தளத்தில்தான் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் ஜெட்டுகள் மூக்கைத் தாழ்த்தி வரிசையாக நின்றன. ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்திருந்த ஒரு இளைஞன், ஸ்ட்ரெச்சரில் போகிற குழந்தையைப் பார்த்துக் கையசைத்தான். முகத்தில் இன்னும் முகப்பரு ஆறாத பையன். ஷானுட் குனிந்து அகாத்தின் காதுகளை இரண்டு கையாலும் பொத்தினாள்.

அறுவைசிகிச்சை அறைக் கதவு நெடுநேரம் கழித்துத் திறந்தது. "வெடிக்கறதுக்குள்ள எடுத்துட்டோம்," என்றாள் நர்ஸ். "பொழைச்சுக்குவா. முகாமுக்கு ரேடியோல சொல்லட்டுமா?"

ஷானுட் வாயைத் திறக்குமுன் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு ஜெட் ஓடி, எழும்பி, மேற்கே திரும்பியது. ஏரி அந்தப் பக்கம்தான்.

"சொல்லுங்க," என்றாள். "முதல்ல, ஏரியில யாரும் நிக்க வேண்டாம்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் அகாத்தைப் பத்திச் சொல்லுங்க."