இரண்டாம் நடைமேடையின் மேற்குக் கோடி

கீழ்வானத்துச் செம்மை சூளகிரிக் குன்றின் கல்முகட்டிற் படிந்து, ஓசூர்ப் புறத்து மலர்க் கூடங்களின் வெண்டிரைகள்மேல் வழிந்து, கன்னட நாட்டெல்லை நோக்கி விரையும் சுமையுந்துகளின் முதுகிலேறி மேற்கே செல்லும் விடியற்பொழுதில், சிற்றேரிப்பள்ளி நிலத்தடித் தொடர்வண்டி நிலையம், நெடும்பசி கொண்ட விலங்கொன்று வாய் திறந்தாற்போலத் தன் இரும்புக் கதவங்களை மேலே சுருட்டிக்கொள்ளும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாயிற் கலந்து பேசும் தொழிலாளர் கூட்டம், நீலச் சட்டையும் கழுத்திற் புரளும் அடையாள அட்டையுமாய், நகரும் படிகளில் நின்றவாறே மண்ணுக்குள் இறங்கும். ஒருவர் முகத்தை ஒருவர் நோக்காமல், கைப்பேசிக் கண்ணாடியில் ஒளிரும் படங்களையே நோக்கியபடி, நாளொன்றுக்கு நாற்பதினாயிரவர் அவ்வழியே போய் மீள்வர்.

கற்றறிந்த படிப்பாளரே, அவர் மிதித்துச் செல்லும் அவ்விடம் ஒருகாலத்தில் ஏரியாயிருந்தது. ஏரி தூர்ந்து கேழ்வரகுக் கொல்லையாகி, கொல்லை மலர்த் தோட்டமாகி, தோட்டம் தொழிற்கூடங்களாயிற்று. அக்கூடங்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றமையால், வண்டிக்கு நிலத்தின்மேல் வழியின்றி, எண்பதடி ஆழத்தில் கரும்பாறையை வெடித்துப் பிளந்து வழி கண்டனர். இரண்டாம் நடைமேடையின் மேற்குக் கோடியில் மட்டும் பாறையில்லை. பழைய ஏரியின் சேறே அங்குப் புதைந்து கிடந்தது. மண்ணாய்வு செய்தோர் அதனை எழுதிக் கொடுத்தும், குறித்த நாளுக்குள் பணி முடித்தல் வேண்டும் என்று விரைந்த ஒப்பந்தக்காரர் அத்தாளை மடித்து வைத்துவிட்டனர்.

அப்பள்ளத்திற் பணி செய்தோருள் ஒருவன் கெலமங்கலத்துச் சவரியப்பன். ஆறாண்டுகளுக்கு முன், சூன் பத்தொன்பதாம் நாட்காலையில், கேழ்வரகுக் களியைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பணிக்குச் சென்றவன் வீடு திரும்பவில்லை. அவன் மனைவி தேவமணி பள்ளத்தின் வாயிலிற் சென்று கேட்டபோது, முன்னாள் மாலையே அவன் பணியை விட்டு நீங்கினான் என்றனர். அன்று காலையிலும் பணிக்கு வந்தானே என்று அவள் சொன்னதை எவரும் ஏற்கவில்லை. அவனோடு மண் சுமந்த குருபரப்பள்ளித் திம்மராயன், பதினெட்டாம் நாள் மாலை அவன் வேறொருத்தியோடு பெங்களூர்ப் பேருந்தில் ஏறக் கண்டதாகக் காவலரிடம் எழுதிக் கொடுத்தான். இறந்தான் என்பதற்குச் சான்றின்மையால் பங்குத் தந்தை அவனுக்காக இறுதித் திருப்பலி நிறைவேற்ற இயலவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரார் தத்தம் முன்னோர் குழிமேடுகளைப் பூவால் மூடி மெழுகுதிரி ஏற்றுகையில், தேவமணி ஏற்றுதற்கு ஒரு மேடு இல்லாதவளாய், அந்நாளிற் பதினான்கு அகவையினளான மகள் எஸ்லினின் கையைப் பற்றிக்கொண்டு மதிலோரம் நிற்பாள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்னும் பெயர், சேலை முந்தானையில் ஒட்டிய முள்போல, அவள் சென்ற இடமெல்லாம் உடன் சென்றது.

பள்ளம் நிலையமாயிற்று. தேவமணி அங்கேயே துப்புரவுப் பணியிற் சேர்ந்தாள். மேற்குக் கோடியில் மண் சரிந்ததென்றும், மாலைக்குள் அதன்மேல் கற்காரை ஊற்றப்பட்டதென்றும் வடநாட்டுத் தொழிலாளி ஒருவன் ஊர் திரும்புமுன் கையசைவாலும் அரைகுறைச் சொல்லாலும் உணர்த்திச் சென்றிருந்தான். அக்கோடியை அவள் நாள்தோறும் மண்டியிட்டுத் துடைத்தாள். கல்வி முடித்த எஸ்லின் அதே நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் பணியில் அமர்ந்தாள். திம்மராயனோ நிலையக் காவலாளிகளின் தலைவனாகிக் கஞ்சி போட்ட உடுப்போடு உலவினான்.

நிலையம் திறந்து மூன்றாண்டு நிறைந்தபோது, அது எழுந்த வரலாற்றைக் காட்டும் ஒளிப்படங்களை நடுக்கூடத்துச் சுவரில் வரிசையாய் மாட்டினர். துடைப்பத்தோடு வந்த தேவமணி ஏழாம் படத்தின்முன் நின்றாள். பள்ளத்தின் சுவரோரம் பன்னிருவர் நின்றனர், மூன்றாமவன் சவரியப்பன். வேறு துணியில் அவள் தைத்துக் கொடுத்த சட்டைப்பை அவன் நெஞ்சில் தெரிந்தது. படத்தின் கீழ்மூலையில் நாள் பொறித்திருந்தது. எழுத்தறியாத அவள் எண்ணறிவாள். பத்தொன்பது. அவள் விரலால் அதனைத் தொட்டு மீண்டும் படித்தாள், பத்தொன்பதே. திங்களும் ஆண்டும் அவையே.

திம்மராயனை அழைத்து அதனைக் காட்டினாள். அவன் கூடத்தைச் சுற்றுமுற்றும் பார்த்தான். பின்னர்த் தாழ்ந்த குரலில், "மண்ணு சரிஞ்சப்ப அவன் கை மட்டும் வெளிய தெரிஞ்சுது, தேவமணி. கொஞ்ச நேரம் அசைஞ்சுக்கிட்டுதான் இருந்துது" என்றான்.

"தோண்டலியா?"

"தோண்டுனா போலீசு வரும், ஆறு மாசம் வேலை நின்னுரும்னாங்க. காங்கிரீட்டு வண்டி வேற வந்து நின்னுடுச்சு. எனக்கும் ரெண்டு புள்ளைங்க."

அவள் அழவில்லை. "பாதர்கிட்ட வந்து இத மட்டும் சொல்லுண்ணா. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அவன் சரியென்று தலையசைத்தான்.

மறுநாட் காலையில் ஏழாம் படம் இருந்த இடத்தில் மலர்ச்சந்தையின் படமொன்று தொங்கியது. திம்மராயன் அவள் கண்ணிற் படாமல் ஒதுங்கினான். நிலைய மேலாளர் இராசப்பன், இனிய சொல்லும் வெள்ளிய உடையும் உடையவர், அவளை இருக்கையில் அமர்த்தித் தண்ணீர் கொடுத்துக் கேட்டார்: "எந்தப் படம்மா சொல்றீங்க? அங்க ஆரம்பத்துலேருந்தே பூச்சந்தைதானே இருக்குது?"

"பணம் காசு வேணாங்க சார். அவரு ஓடிப்போகலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கோயில்ல பேரு படிப்பாங்க."

"போய் வேலையப் பாருங்கம்மா" என்றார் அவர், முன்னினும் கனிவாக.

அவள் வேலையைப் பார்க்கவில்லை. நேரே மேற்குக் கோடிக்குச் சென்று, காலைக் கூட்டம் கடல்போல் பெருகிய நடைமேடையில், மண்டியிட்டுத் துடைத்த அதே தரையில் அமர்ந்தாள். "இதுக்கு அடியில ஆளு இருக்குது. என் வூட்டுக்காரரு இருக்காரு" என்று வருவோர்க்கெல்லாம் சொன்னாள். சிலர் விலகி நடந்தனர். சிலர் அவள் கால்களைத் தாண்டிச் சென்றனர். ஒருவன் கைப்பேசியிற் படம் பிடித்தான். அவள் மஞ்சட் கோட்டின்மேல் அமர்ந்திருந்தமையால் வந்த வண்டி நான்கு மணித்துளி காத்து நின்றது. பணிக்குப் பிந்தியோர் கூலி பிடிக்கப்படுமே என்று சினந்தனர். இரங்கி நின்றவரும் நான்காம் மணித்துளியில் அவளை வைதனர். திம்மராயனே வந்து, அவள் அக்குளிற் கைகொடுத்து, ஈரத்துணிபோல் தூக்கிச் சென்றான்.

மேலாளர் அறைக்கு எஸ்லின் அழைக்கப்பட்டாள். மேசைமேல் இரு தாள்கள் இருந்தன. ஒன்று காவலர்க்குச் செல்லும் முறையீடு. மற்றொன்று, தன் தாய் பல ஆண்டுகளாக மனம் பிறழ்ந்தவள், இல்லாதவற்றைக் கண்டதாகச் சொல்லும் இயல்பினள் என்று மகள் அறிவிக்கும் உறுதிமொழி.

"எது வேணும்னு நீயே பாத்துக்கம்மா" என்றார் இராசப்பன். "மொதல் தாளு போச்சுன்னா அம்மா செயிலுக்குப் போவாங்க. உன் வேலையும் நிக்காது."

எஸ்லின் சுவரோரம் குந்தியிருந்த தாயை நோக்கினாள். தாயின் முழங்கையில் தோல் உரிந்து குருதி கசிந்தது. மகள் எழுதுகோலை எடுத்து இரண்டாம் தாளில் கையொப்பமிட்டாள்.

"என்னா எழுதியிருக்குதும்மா?" என்று தேவமணி கேட்டாள்.

"உன்ன வூட்டுக்கு உடறாங்கன்னு எழுதியிருக்குது. வாம்மா போலாம்."

திங்களொன்று கழிந்தது. பணியிழந்த தேவமணி, தன் வழக்கைத் தொழிலாளர் நலன் காக்கும் அலுவலகம் ஒன்றில் எடுத்துரைத்தாள். அங்கிருந்த அலுவலர் முதலில் ஆர்வத்தோடு கேட்டார், நிலையத்திலிருந்து வந்திருந்த தாட்கட்டைப் புரட்டினார், ஒரு தாளில் நின்றார். அவர் கண்ணில் ஐயம் நீங்கி இரக்கம் புகுந்தது. அவ்விரக்கத்தைக் கண்டபோதே அவள், அத்தாளைப் படித்துக் காட்டுமாறு வேண்டினாள். அவர் தயங்கித் தயங்கிப் படித்தார். கீழே இட்டிருந்த பெயரையும் படித்தார். இனி இம்மண்ணில் எந்த அலுவலகத்திலும், எந்தக் கோயிலிலும், தான் கண்டதாகச் சொல்லும் எதுவும் மெய்யென்று கொள்ளப்படாது என்பதை அவள் உணர்ந்தாள்.

அவள் வீடு திரும்பியபோது எஸ்லின் பணிமுடித்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தேவமணி நெடுநேரம் மகளின் வலக்கையையே நோக்கியிருந்தாள்.

"உன் கையெழுத்து நல்லாருக்குதாம்மா," என்றாள், "அந்த ஆபீசருதான் சொன்னாரு."

கரண்டி எஸ்லினின் கையில் அசையாது நின்றது. அதன்பின் அவ்வீட்டில் அச்செய்தியைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசினாரல்லர். தாய் மலர்க் கூடத்தில் முள் நீக்கும் கூலிக்குச் சென்றாள். மகள் நாள்தோறும் நிலையத்துக்குச் சென்று, இறங்கிச் செல்லும் கூட்டத்துக்குச் சீட்டு வழங்கினாள். வண்டிகள் பிந்தாமல் ஓடின.

ஒரு மனிதனை மண்ணில் மறைத்தற்கு அரைநாட் பொழுதும் ஒரு வண்டிக் கற்காரையும் போதுமாயிருந்தன. அவன் அங்கு மாண்டான் என்னும் உண்மையை மறைத்தற்கோ, வலியவர் பலர் ஆறாண்டுகள் முயன்றும் முடியாமல், அவனைப் பெரிதும் விரும்பிய அவன் மகளின் கையே இறுதியில் வேண்டியதாயிற்று.