மெமரி போதவில்லை

என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு தரையில் குப்புறக் கிடந்தார். எதிரே ஒரு பெரிய இரும்புப் பெட்டி, வயிற்றைத் திறந்து போட்டபடி. ஊரே கைகழுவிவிட்ட விண்டோஸ் தொண்ணூற்றெட்டுக்கு, அந்தக் காலத்தில் யாரும் கண்டிராத பலத்தில் கம்ப்யூட்டர் கட்டுகிறாராம். செத்த பாம்பை அடிக்கப் பீரங்கி வாங்கிய மகராசன்.

வீட்டில் உபரியாக இருப்பது ஒரே அறை. அது எனக்கு வேண்டும். என்னிடம் துணி தைக்க வருகிறவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு அளவு கொடுக்கிறார்கள். எண்ணெய் தெறித்து ஒருத்தி வருவதையே நிறுத்திவிட்டாள். சண்டை முற்றி ஒரு முடிவுக்கு வந்தோம். ஞாயிறு சாயங்காலத்துக்குள் பெட்டி ஓடினால் அறை அவருக்கு. இல்லையென்றால் என் தையல் மெஷினுக்கு.

ஞாயிறு மதியம் மூடியைத் திருகிப் பொத்தானை அமுக்கினார். மெமரி போதவில்லை, விண்டோஸ் தொடங்காது என்றது திரை.

"போதலையா? அப்பல்லாம் ஒரு ஆபீஸுக்கே இவ்ளோ கிடையாது. ரெண்டு மெமரிப் பட்டை போட்டிருக்கேன்!"

"பத்தலைன்னா இன்னொண்ணு போடுங்க. அப்படியே என் தலையையும் வெட்டி உள்ள வைங்க."

கிண்டலைக்கூட யோசனையாக எடுத்துக்கொள்ளும் மனிதர். மூன்றாவது பட்டை வாங்கப் பழைய சாமான் கடைக்கு ஓடினார்.

கிடைத்துவிட்டால்? அறை கைவிட்டுப் போய்விடும். என் தையல் மெஷினின் ஸ்க்ரூடிரைவரால் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஒரு பட்டையைப் பிடுங்கி, என் மெஷின் ட்ராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் போட்டேன். திரும்ப மூடியும் வைத்தேன். காணோமென்றால் தேடட்டும். தலைமேல் இருக்கும் கண்ணாடியையே வீடு முழுக்கத் தேடுகிறவர்தானே.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெறுங்கையோடு வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்குப் பாவமாக இல்லை. நாடாவை எடுத்து அறைச் சுவரை அளக்க ஆரம்பித்தேன்.

"கடைசியா ஒரு தடவ போட்டுப் பாத்துடறேன்."

திரையில் நீல வானம், வெள்ளை மேகம். பிறகு பெட்டி பாட்டே பாடியது. அந்தக் கிழட்டு விண்டோஸுக்குப் பட்டினி இல்லை, அஜீரணம். அளவுக்கு மீறித் தின்ற மெமரி செரிக்காமல்தான் போதவில்லை என்று புலம்பியிருக்கிறது. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"பாத்தியா, என் கைராசி! ரெண்டு பட்டையும் சேந்து எப்படி இழுக்குது பாரு! மூளை வேணும்டீ இதுக்கெல்லாம்."

நாடாவைச் சுருட்டினேன்.

"சூடாகும், மூடியக் கழட்டி வைக்கிறேன். என் ஸ்க்ரூடிரைவர கடையிலயே விட்டுட்டேன் போல. உன்னுது ட்ராயர்லதான இருக்கும்?"

அதற்குள் மெஷினிடம் போய்விட்டார். ஈரத்தில் உப்பிய ட்ராயர், சுலபத்தில் வராது. ஒரு காலை மெஷினில் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். சும்மா இருந்தால் களைத்துப்போய் விட்டுவிடுவார். ஆனால் அறை போனால் போகிறது, இந்தக் கைராசிக் கதையை ஆயுசுக்கும் கேட்க என்னால் முடியாது.

"கொஞ்சம் மேல தூக்கி இழுங்க," என்றேன்.

ட்ராயர் மொத்தமாகக் கையோடு வந்தது. நூல்கண்டுகள் தரை முழுக்க உருண்டு ஓடின. பட்டை மட்டும் அவர் காலடியில் கிடந்தது.